மிதிக் பிளஸ் +8-க்கு மேல குரூப் கிடைக்க மாட்டேங்குது: தனியா ஆடுற டிபிஎஸ் என்ன பண்ணலாம்?

தனிவேட்டை கேட்டது:

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஃப்யூரி வாரியர் ஆடுறேன், அதாவது டிபிஎஸ் (டேமேஜ் பண்றவர்). மிதிக் பிளஸ்ல (அஞ்சு பேர் டைமர் வச்சு ஆடுற டஞ்சன், + எண் ஏற ஏற கஷ்டம்) எட்டு டஞ்சன்ல அஞ்சுல +7 டைமருக்குள்ள முடிஞ்சிருக்கு. மீதி மூணுல +4, +5 தான். ஐட்டம் லெவல் (போட்டிருக்கிற ஆயுதம், கவசத்தோட தரம்) +10-க்கே போதும். ஆனா +8, +9 குரூப்புக்கு அப்ளை பண்ணா ஒண்ணு டிக்லைன் வருது, இல்லன்னா லிஸ்டே காணாமப் போயிடுது. கையில இருக்கிற கீ (எந்த டஞ்சன், எந்த லெவல்னு சொல்ற சாவி) +8. அதை நானே லிஸ்ட் போட்டா டிபிஎஸ் மட்டும் வந்து குவியுறாங்க, டேங்க் (எதிரியோட அடியைத் தாங்கறவர்) எட்டிக்கூடப் பார்க்கறதில்ல. கில்ட் கிடையாது. ராத்திரி லேட்டாத்தான் ஆட முடியும்.

லீடருங்க எதை வச்சு ஆளை எடுக்குறாங்க? சொந்தக் கீயை லிஸ்ட் போடும்போது என்ன எழுதணும்? நிலையான குழு ஒண்ணு எப்படி அமைக்கிறது? வேற கேம் ஆடுறவங்களும் சொல்லுங்க. ஃபைனல் ஃபேன்டஸி 14 பக்கம் போயிடலாமான்னு ஒரு யோசனை ஓடுது.

கேடயம்77:

லிஸ்ட் காணாமப் போகுதுன்னா குரூப் நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். உங்க பேரை லீடர் பார்த்திருக்கவே மாட்டார். ஒரு குரூப்புக்கு ஒரு டேங்க், ஒரு ஹீலர் (உயிர் ஏத்துறவர்), மூணு டிபிஎஸ். அப்ளை பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க டிபிஎஸ். லிஸ்ட் போட்ட கொஞ்ச நேரத்துல திரை முழுக்க டிபிஎஸ் பேரா நிக்கும். லீடர் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மூணு வினாடிதான் தருவார். அந்த ரெண்டு மூணு வினாடியில என்ன பார்க்குறார்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சினை தீந்துடும்.

முதல்ல டேங்க், ஹீலர். அடுத்தது குரூப்ல என்ன குறையுதுன்னு பார்ப்பார். லஸ்ட் (குரூப் முழுக்க வேகத்தை ஏத்துற திறன்) இருக்கா? ஷாமன், மேஜ், ஹன்டர், இவோக்கர் இவங்கள்ல ஒருத்தர் வேணும். 40 வினாடிக்கு 30% ஹேஸ்ட் கிடைக்கும், அப்புறம் 10 நிமிஷம் திரும்பப் போட முடியாது. அரை மணி நேர டஞ்சன்ல மூணு தடவை போடலாம், அதுல ரெண்டு தடவை பாஸுக்குப் போகும். லஸ்ட் இல்லாம உயர்ந்த கீ தொடங்க யாருக்கும் மனசு வராது. அதுக்குப் பதிலா டிரம்ஸ்னு ஒரு பொருள் இருக்கு, ஆனா அது தர்ற வேகம் குறைவு. அடுத்தது சண்டைக்கு நடுவுல செத்தவரை எழுப்புற ரெஸ்: டிரூயிட், டெத் நைட், வார்லாக், பாலடின். மிதிக் பிளஸ்ல குரூப்புக்கே சேர்த்து 10 நிமிஷத்துக்கு ஒரு ரெஸ்தான் சேரும். அதனால ஒருத்தர்கிட்ட இருந்தாப் போதும், யார்கிட்டயுமே இல்லன்னா பெரிய குறை.

வாரியர்கிட்ட இந்த ரெண்டுமே இல்ல. அதனால காலியா இருக்கிற குரூப்புக்கு அப்ளை பண்ணாதீங்க. லிஸ்ட் மேல மவுஸை வச்சா ஏற்கனவே யார் யார் இருக்காங்கன்னு வகுப்போட தெரியும். லஸ்ட்டும் ரெஸ்ஸும் வந்தாச்சு, டேங்க்கும் ஹீலரும் வந்தாச்சு, ஒரு டிபிஎஸ் மட்டும் காலி. இதுதான் உங்க இடம். ஏற்கனவே ரெண்டு மெலீ (கிட்ட நின்னு அடிக்கிற) டிபிஎஸ் இருந்தா விட்டுடுங்க, மூணாவது மெலீயை எடுக்கத் தயங்குவாங்க. எத்தனை நிமிஷமா லிஸ்ட் கிடக்குதுன்னும் அங்கேயே தெரியும். டேங்க் இல்லாம கால் மணி நேரமா நிக்குற குரூப்ல உங்க அப்ளிகேஷனை வச்சுக் காத்திருக்கிறது வீண். ஒரே நேரத்துல அஞ்சு குரூப்புக்கு அப்ளை பண்ணலாம், அந்த அஞ்சும் எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கணும்.

உங்க கேள்வியில எனக்கு முக்கியமாப் பட்டது அந்த மூணு டஞ்சன். லீடர் மொத்த ஸ்கோரை மட்டும் பார்க்கறதில்ல. உங்க பேர் மேல மவுஸ் போனதும் இந்தக் குறிப்பிட்ட டஞ்சன்ல நீங்க அதிகபட்சம் என்ன முடிச்சீங்கன்னும் வரும். ரைடர்.ஐஓ (ஸ்கோர் காட்டுற தளம்) ஆட்-ஆன் போட்டவருக்கு இன்னும் விவரமா வரும். +8-க்கு அப்ளை பண்றவர் அந்த டஞ்சன்ல +4 தான் பார்த்திருக்கார்னா, ஐட்டம் லெவல் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்ல. மூணையும் முதல்ல +7-க்குக் கொண்டு வாங்க. ஒவ்வொரு டஞ்சனோட சிறந்த ஓட்டத்தையும் கூட்டித்தான் ஸ்கோரே வருது, அதனால தாழ்ந்து கிடக்கிற மூணை உயர்த்துறதுதான் இருக்கறதுலயே சுலபமான ஏத்தம்.

குறிப்புப் பெட்டியைக் காலியா விடாதீங்க. "நல்ல பிளேயர்"னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. "இந்த டஞ்சன் +7 டைம்டு, இன்டரப்ட், ஸ்டன் பார்த்துக்கறேன்"னு ஒரே வரி போதும் (இன்டரப்ட்னா எதிரியோட மந்திரத்தை நடுவுலயே வெட்டறது).

மறுபக்கம்:

கேடயம் சொன்னதோட இன்னொண்ணு. +10-க்கு நேரா தாவணும்னு நினைக்காதீங்க. தி வார் விதின் விரிவாக்கத்தோட சீசன்கள்ல கிரேட் வால்ட்டோட (வாராவாரம் திறக்கிற பரிசுப் பெட்டி) உச்சப் பரிசு +10-லயே கிடைச்சுடுச்சு. வால்ட்டுக்கு 1, 4, 8 டஞ்சன்னு மூணு படி. அதனால +13, +14 ஆடுறவங்க கூட வாரம் எட்டு +10 அடிக்க வந்துடுவாங்க. நீங்க போட்டி போடுறது அவங்களோட. +8, +9-ல இருக்கறவங்க பெரும்பாலும் உங்களை மாதிரி ஏறிக்கிட்டு இருக்கறவங்கதான்.

வார ரீசெட் ஆன முதல் ரெண்டு நாள் லிஸ்ட் நிறைய இருக்கும். நேரம் கெட்ட நேரத்துல ஆடுறவங்களுக்கு அந்த ரெண்டு நாளை விட்டா கஷ்டம்.

நள்ளிரவு_ஹீலர்:

வாரியர்தானே, புரொடெக்‌ஷன் ஸ்பெக் (வாரியரோட டேங்க் வகை) ஆடிப் பார்க்கலாமே. டேங்க்குக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் உடனே இடம் கிடைக்கும்.

ஆனா ஒரே நாள்ல +8 டேங்க் பண்ணக் கிளம்பிடாதீங்க. ரைடர்.ஐஓ-ல ஸ்கோர் ரோல் வாரியா பிரிஞ்சு தெரியும். டிபிஎஸ்ஸா வாங்கின ஸ்கோரைக் காட்டி டேங்க் இடத்துக்கு வந்தவரை ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவாங்க. +2-ல தொடங்கி +5 வரைக்கும் எட்டு டஞ்சனையும் ஒரு சுத்து டேங்க் பண்ணுங்க. டேங்க்குக்குத்தான் பாதை தெரியணும். பாஸ் எல்லாம் செத்தாலும் எதிரிக் கூட்டத்தோட கணக்கு 100% தொடலைன்னா ஓட்டம் முடியாது. கடைசி பாஸ் விழுந்த பிறகு 3% குறையுதுன்னு திரும்பி ஓடுறது, பாதை போடாம வந்த டேங்க்கோட வேலை. மிதிக் டஞ்சன் டூல்ஸ் ஆட்-ஆன்ல ஒரு பாதையை இறக்கி, எந்தக் கூட்டத்தை எதோட சேர்த்து இழுக்கணும்னு ஒரு தடவை தனியா உட்கார்ந்து பாருங்க. கீஸ்டோன்.குரு தளத்துல மத்தவங்க போட்ட பாதைகள் கிடைக்கும். உயர்ந்த கீ ஆடுறவங்க போட்ட பாதையை அப்படியே எடுத்துடாதீங்க. அவங்க மூணு கூட்டத்தைச் சேர்த்து இழுப்பாங்க, அஞ்சு பேரும் குரல்ல பேசிக்கறதால அது நடக்கும். முன்பின் தெரியாதவங்க சேர்ற பக் குரூப்ல அதையே செஞ்சா வைப்தான், அஞ்சு பேரும் செத்துடுவாங்க.

பாதையில 100%-க்கு மேல ஒண்ணு ரெண்டு சதவீதம் கூடுதலா வச்சுக்கோங்க. எங்கேயோ ஒரு சின்ன கூட்டம் தவறிப் போறது சகஜம்.

சாவிக்கொத்து:

சொந்தக் கீ பத்தி யாரும் இன்னும் சொல்லலை, நான் சொல்றேன். மத்தவங்க வாசல்ல நிக்கறதை விட சொந்தக் கீயை லிஸ்ட் போடறதுதான் டிபிஎஸ்ஸுக்கு நிஜமான வழி. உங்க கீன்னா உங்களை யாரும் டிக்லைன் பண்ண முடியாது, ஆளைத் தேர்ந்தெடுக்கறது நீங்க. டேங்க் வரலைன்னா அதுக்குக் காரணம் மூணுல ஒண்ணா இருக்கும்.

ஒண்ணு, டஞ்சன் அவங்களுக்குப் பிடிக்காதது. ஒவ்வொரு சீசன்லயும் டேங்க்கும் ஹீலரும் ஒதுக்குற டஞ்சன் ஒண்ணு ரெண்டு இருக்கும். உங்க கீ அளவுக்கோ அதுக்கு மேலயோ இன்னொருத்தர் கீயை டைமருக்குள்ள முடிச்சா, கடைசியில நிக்குற என்பிசி (கேமே இயக்குற பாத்திரம்) கிட்ட உங்க கீயை வேற டஞ்சனுக்கு மாத்திக்கலாம். இதைப் பல பேர் மறந்துட்டு நேரா வெளியே போயிடுறாங்க.

ரெண்டு, உங்க ஸ்கோர் உங்க கீக்குக் கீழ இருக்கு. லீடரோட ரேட்டிங்கும் (அதே ஸ்கோர்தான்) லிஸ்ட்ல தெரியும்ல. +8 கீ வச்சிருக்கற லீடர் அதே டஞ்சன்ல +4 தான் முடிச்சிருக்கார்னா டேங்க் ஏன் வரணும்? நகரத்துல இருக்கிற என்பிசி கிட்ட கீயை ஒவ்வொரு லெவலா இறக்கலாம். +8-ஐ +6 ஆக்கி லிஸ்ட் போடுங்க. நல்ல குரூப் அமைஞ்சா மறுபடி ஏறிடும்: டைமருக்குள்ள முடிச்சா ஒரு லெவல், 20% நேரம் மிச்சமா முடிச்சா ரெண்டு, 40% மிச்சமா முடிச்சா மூணு. 30 நிமிஷ டைமர்னா 24 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், மூணு ஏற 18 நிமிஷத்துக்குள்ள. டைமரைத் தவறவிட்டா ஒரு லெவல் இறங்கும், அவ்வளவுதான்.

மூணு, தலைப்பு. வெறும் "+8"னு போட்டா நாலு பேர் நாலு விதமா எதிர்பார்த்து வருவாங்க. டைமருக்காகவா, வால்ட்டுக்காக முடிச்சாலே போதுமா, இதுதான் சண்டைக்கெல்லாம் மூல காரணம். டைமர் போனதும் டேங்க் கிளம்புறதும், வால்ட்டுக்கு வந்த ஹீலர் திட்டறதும் இதனாலதான். எதுன்னு தலைப்புலயே எழுதுங்க. குறைந்தபட்ச ரேட்டிங்கை உங்க ரேட்டிங்கை விட உயர்த்தி வைக்காதீங்க. சிரிப்புக்கு இடமாயிடும், ஆளும் வராது.

இடம் நிரப்புற வரிசையும் முக்கியம். வந்து குவியுற டிபிஎஸ்ல ரெண்டு பேரை முதல்லயே எடுத்துட்டு டேங்க்குக்குக் காத்திருந்தா, பத்து நிமிஷத்துல அவங்க கிளம்பிடுவாங்க. லஸ்ட் இருக்கிற ஒருத்தரை மட்டும் எடுத்துட்டு நிறுத்துங்க. டேங்க் வர்றார், ஹீலர் வர்றார், கடைசி டிபிஎஸ் ஒரு நொடியில கிடைப்பார்.

தனிவேட்டை:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். டிபிஎஸ் பத்து பேர் நிக்கும்போது ஸ்கோர் அதிகமா இருக்கறவரை எடுத்தாப் போதுமா? ஒருத்தர் ரெண்டு தடவை செத்தாலே கீ போச்சுன்னு சாட்ல சொல்றாங்களே, நிஜமா?

சாவிக்கொத்து:

ஸ்கோர் ரொம்ப அதிகமா இருக்கறவர் பக்கம் எச்சரிக்கையா இருங்க. +13 ஆடுறவர் +8-க்கு வர்றார்னா வால்ட் எண்ணிக்கைக்கோ ஒரு பொருளுக்கோ வர்றார். முதல் வைப்லயே பொறுமை போய் கிளம்புற வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம். அந்த டஞ்சன்ல +7 முடிச்சு, +8 இன்னும் முடிக்காதவர்தான் உங்களுக்கு வேணும். அந்த ஓட்டம் முடியணும்ங்கற தேவை அவருக்கும் இருக்கு.

சாவு: ஒவ்வொண்ணுக்கும் டைமர்ல 5 வினாடி போகும். தி வார் விதின் ரெண்டாவது சீசன்லேருந்து +12-லயும் அதுக்கு மேலயும் அது 15. உங்க லெவல்ல பன்னிரண்டு சாவுக்கு ஒரு நிமிஷம், அதனால ரெண்டு சாவுல கீ போகாது. வினாடியை விட, செத்தவர் திரும்பி ஓடி வர்ற நேரமும் அந்த நேரத்துல போகாத டேமேஜும்தான் நஷ்டம். கீ உடையறதுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இன்டரப்ட். மெலீ வகுப்புகள்ல பலருக்கு அது 15 வினாடிக்கு ஒரு தடவைதான். நாலு மந்திரவாதி இருக்கிற கூட்டத்துல எல்லாரும் முதல் மந்திரத்தையே ஒண்ணா வெட்டினா அடுத்த 15 வினாடிக்கு யார்கிட்டயும் இன்டரப்ட் இருக்காது, ஹீலர் மட்டும் மாட்டிக்கிட்டு முழிப்பார். கீ போடறதுக்கு முன்னாடி சாட்ல ஒரு வரி: எதிரிங்க மேல வைக்கிற குறியில, மண்டை ஓடு குறி எனக்கு, சிலுவைக் குறி மேஜுக்கு. அரை நிமிஷ வேலை.

அதே அரை நிமிஷத்துல லஸ்ட் எங்க போடறோம்னும் கேட்டுடுங்க. முதல் கூட்டத்துலயா, முதல் பாஸ்லயான்னு முடிவாகாம தொடங்கினா ரெண்டு இடத்துலயும் இல்லாமப் போகும்.

எட்டுப்பேர்_அறை:

ஃபைனல் ஃபேன்டஸி 14 குறித்துக் கேட்டிருந்தீர்கள். அங்கே சிக்கல் வேறு மாதிரி. டியூட்டி ஃபைண்டர் தானாகவே ஆள் சேர்த்துவிடும், சாதாரண டஞ்சனுக்கு டேங்க் ஒருவர், ஹீலர் ஒருவர், டிபிஎஸ் இருவர் என்று நான்கு பேர். கடினமானவற்றுக்கு, அதாவது எட்டுப் பேர் போகும் சாவேஜுக்கும் நான்கு பேர் போகும் கிரைடீரியன் டஞ்சனுக்கும், நடைமுறையில் நாமே லிஸ்ட் போட்டு ஆள் சேர்க்கும் பார்ட்டி ஃபைண்டர்தான் வழி. ஸ்கோர் என்று எதுவும் ஆட்டத்துக்குள் தெரியாது. டேமேஜ் அளக்கும் வெளிக் கருவிகள் விதிக்குப் புறம்பானவை, அந்த எண்ணைச் சொல்லிச் சாட்டில் யாரையும் விமர்சித்தால் உங்கள் கணக்குக்குத்தான் ஆபத்து.

அதனால் அங்கே எல்லாமே நேர்மையில் நிற்கிறது. பயிற்சி, முடிப்பது, பொருளுக்காக என மூன்று நோக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து, சண்டையின் எந்தக் கட்டம் வரை பார்த்திருக்கிறீர்கள் என்று விளக்கத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்ததும், அதை ஒழுங்காகச் செய்து தாண்டியதும் ஒன்றல்ல. ஒருமுறை தற்செயலாகத் தாண்டியவர் அடுத்த கட்டக் குழுவில் சேர்வதுதான் அங்குள்ள தீராத தலைவலி. ஏழு பேரின் நேரம் அதில் போகும். எட்டுப் பேருக்கும் நிற்குமிடம் பிரித்த மேக்ரோ (ஒரே தட்டில் சாட்டில் போடும் செய்தி) ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஒரே சண்டைக்கு இரண்டு மூன்று தீர்வுகள் புழங்கும். எந்தத் தீர்வு என்று எழுதாத லிஸ்டில் பாதிப் பேர் வடக்கும் பாதிப் பேர் தெற்கும் ஓடுவார்கள்.

புதிய சாவேஜுக்கு வாராந்திரப் பொருள் விதி ஒன்று உண்டு. அந்த வாரம் எட்டுப் பேருமே முடிக்காதவர்கள் என்றால் இரண்டு பெட்டி. ஏற்கனவே முடித்தவர்கள் ஒருவர் முதல் நால்வர் வரை இருந்தால் ஒரு பெட்டி. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் ஒன்றுமில்லை. உதவிக்கு வருகிறேன் என்று முடித்த நண்பரை அழைத்து வந்தால் பெட்டி குறையும், இதைச் சொல்லாமல் செய்தால் பெயர் கெடும்.

கேம் மாறுவதால் குழுத் தேடல் குறையாது. தேடலின் வடிவம்தான் மாறும்.

மறுபக்கம்:

கில்ட் வார்ஸ் 2 ஃப்ராக்டலும் (அஞ்சு பேர் ஆடுற டஞ்சன்) ஏறக்குறைய இதேதான். அங்கே லஸ்ட், ரெஸ் இடத்துல குயிக்னஸ், அலாக்ரிட்டின்னு வேகம் ஏத்துற ரெண்டு பஃப். ஹீலர் ஒண்ணைத் தந்தா டிபிஎஸ் ஒருத்தர் இன்னொண்ணைத் தரணும், மீதி மூணு பேர் வெறும் டிபிஎஸ். ரெண்டுல ஒண்ணைத் தர்ற பில்ட் வச்சிருந்தா காத்திருக்கவே வேணாம். 100-வது ஃப்ராக்டலுக்கு அகனி ரெசிஸ்டன்ஸ் (ஃப்ராக்டலுக்கே உரிய அகனி பாதிப்பைத் தாங்குற அளவு) 150 வேணும். அது இல்லாம வந்து விழறவங்களாலதான் லீடருங்க சந்தேகப் பிராணி ஆயிட்டாங்க.

டெஸ்டினி 2 டஞ்சன் மூணு பேர்தான், அதுக்கும் தானா ஆள் சேர்க்கற வசதி இல்ல. கேமுக்குள்ளயே ஃபயர்டீம் ஃபைண்டர் வந்தது 2023 கடைசியிலதான். அங்க முதல்லேருந்தா, நடுவுல சேமிச்ச செக்பாயிண்ட்டான்னு பார்த்துச் சேருங்க, கடைசி பாஸ் மட்டும் அடிக்கறவங்க நிறைய.

நள்ளிரவு_ஹீலர்:

நிலையான குழு கேட்டிருந்தீங்க. அதை அறிவிப்புப் போட்டுத் தேடினா அமையறது அபூர்வம். ஆட்டக் கடைசியில அமையும். ஓட்டம் நல்லா முடிஞ்சதும் எல்லாரும் கலையறதுக்குள்ள அரை நிமிஷம் இருக்கும். "இன்னொரு கீ போலாமா, யார்கிட்ட என்ன இருக்கு?"ன்னு கேளுங்க. ரெண்டாவது ஓட்டமும் ஒத்துப் போச்சுன்னா பேட்டில்டேக் (நண்பரா சேர்க்கறதுக்கான பெயர்) கேளுங்க. அஞ்சு பேரையும் பிடிக்கணும்னு அவசியமில்ல. ஒரு டேங்க்கோ ஹீலரோ உங்களோட நின்னாப் போதும், மீதி இடத்தை லிஸ்ட்ல நிரப்பிடலாம். டைமர் போன ஓட்டத்துலயும் கத்தாம கடைசி வரைக்கும் ஆடினவர் யாருன்னு கவனிங்க, அவரை விட்டுடாதீங்க. ஸ்கோர் எப்ப வேணா ஏறும்.

ரெல்ம் (சர்வர்) வேற, கட்சி வேறன்னு பயப்பட வேணாம். 2022-ல 9.2.5 வந்ததுலேருந்து ஹோர்டும் அலையன்ஸும் ஒரே குரூப்ல டஞ்சன் போகலாம். ரீஜியன் மட்டும் ஒண்ணா இருக்கணும். சேர்ந்தவங்களை கேமுக்குள்ள இருக்கிற கம்யூனிட்டியிலயோ ஒரு டிஸ்கார்ட்லயோ போட்டு வைங்க. வாரம் ரெண்டு நாள், ரெண்டு மணி நேரம்னு முதல்லயே பேசிடுங்க. அரை மணி நேர டைமர்னாலும் கூடிச் சேர்ந்து, சாப்பாட்டு பஃப் போட்டு, பேசி முடிக்க ஒரு கீக்கு நாற்பது நிமிஷம் ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு மூணு கீ, நாலு இல்ல. அஞ்சு இடத்துக்கு ஆறு ஏழு பேர் பட்டியல்ல இருக்கணும், ஒருத்தருக்கு வேலை வந்தா ராத்திரியே வீணாகக் கூடாது. மைக் இல்லாதவரை ஒதுக்காதீங்க, கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும்.

லிஸ்ட்ல கிடைக்காம அலையும்போது "காசு கொடுத்தா +10 முடிச்சுத் தர்றோம்"னு விஸ்பர் (தனிச் செய்தி) வரும். நிஜப் பணத்துக்கு விக்கறது விதிப்படி தடை, வாங்கினவர் கணக்கும் போகும். ரெல்ம் ரெல்மா ஆள் வச்சு நடத்தற பூஸ்டிங் கும்பல்களையும் 2022 தொடக்கத்துல தடை பண்ணிட்டாங்க, தங்கத்துக்கு விக்கறதும் அதுல அடக்கம். லிங்க் அனுப்பினா திறக்காதீங்க, ரிப்போர்ட் பண்ணிட்டு பிளாக் பண்ணுங்க.

தனிவேட்டை:

கீயை +6 ஆக்கிட்டேன். தலைப்புல டைமர்னு எழுதி, முதல்ல ஒரு ஹன்டரை மட்டும் எடுத்துட்டுக் காத்திருந்தேன். டேங்க் வந்துட்டார், ஹீலருக்கு நிக்கறோம். மண்டை ஓடு எனக்குன்னு எழுதியாச்சு.